காவல் அணுவில் குடியேறும் வைரஸ்



ஹெர்பஸ் என்றதும் உதட்டுக் கொப்புளம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சின்னம்மையும் அக்கியும்கூட அந்தக் குடும்பத்து வைரஸால் வருபவையே. இம்முறை அதே குடும்பத்தின் எப்ஸ்டீன்-பார் வைரஸைப் பார்ப்போம்.

இதன் வரலாற்றில் மிஷன் மருத்துவமனைகளுக்கும் பங்குண்டு. உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு புற்றுக்கட்டியைப் பற்றி 1958-ல் எழுதினார். அது எங்கெங்கே காணப்படுகிறது என்று அறிய, 1961-ல் மிஷன் மருத்துவர் டெட் வில்லியம்ஸ் உட்பட இருவருடன் பழைய கார் ஒன்றில் ஏறக்குறைய 10,000 மைல் பயணம் செய்து, வழிநெடுக மருத்துவமனைகளில் விசாரித்தார். அக்கட்டியின் அணுக்களில் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1964-ல், லண்டனில்.

உலகில் பெரியவர்கள் 10 பேரில் 9 பேருக்கு மேல் இது உண்டு. உமிழ்நீரால் பரவும். சிறுவயதில் தொற்றினால் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஆனால் ஆயுள் முழுவதும் சரீரத்தை விட்டுப் போகாது. அது தங்குவதோ, நம்மைக் காக்க வேண்டிய பி வகை வெள்ளை அணுக்களில்!

வெள்ளை அணுவின் மேற்புறத்தில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் இரசாயனச் செய்திகளை வாங்குபவை இவை. எந்த ஏற்பி எவ்வளவு உண்டாக வேண்டும் என்பது ஜீன்களின் இயக்கத்தைப் பொறுத்தது. வைரஸ் கைவைப்பது இங்கேதான். சிடி21 என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டு நுழைந்தபின், தன் புரதங்களால் அணுவின் சொந்த ஜீன்களையே முடுக்கிவிடுகிறது.

1993-ல் அமெரிக்காவில் எலியட் கீஃப் குழுவினர், வைரஸ் தொற்றிய அணுக்களையும் தொற்றாதவற்றையும் ஒப்பிட்டனர். தொற்றியவற்றில் இரண்டு ஏற்பிகளின் ஜீன்கள் பலமடங்கு இயங்கின. இபிஐ1, இபிஐ2 என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். இன்று சிசிஆர்7 எனப்படும் முதலாவது, அணுவை நிணநீர்க் கணுவுக்குள் வழிநடத்துகிறது. கணுவுக்குள் எந்தப் பகுதிக்குப் போவது என்பதில் இரண்டாவதற்குப் பங்குண்டு என்று 2009-ல் தெளிவாயிற்று. வைரஸைத் துருவிய ஆய்வு, ஆரோக்கியமான அணு நடக்கும் வழியையும் காட்டிக்கொடுத்தது. இதை நான் சிறிய லாபமாக எண்ணவில்லை.

பெரும்பாலானோரில் டி வகை அணுக்கள் இந்த வைரஸை அடக்கி வைக்கின்றன. மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கும் ஆப்பிரிக்கக் குழந்தைகளிலோ அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, சிலருக்குப் பர்கிட் கட்டி தோன்றுகிறது. ஓரிரு நாளில் இரட்டிக்கக்கூடிய கட்டி அது. என்றாலும் மருந்துக்கு நன்றாகவே கரையும், குழந்தை காலத்தோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால்.