குருதியும் கொழுந்தும்

தொழிலாளப் பெண்களின் உடல்நலத்துக்காகச் செலவிடும் பணத்தை முதலாளிமார் எந்தக் கணக்கில் எழுதுகின்றனர்? பெரும்பாலும் தருமக் கணக்கில். அந்தப் பணம் வரவாகத் திரும்பி வருவது என்று தராசில் நிறுத்துக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அது தமிழர் வியர்வை சிந்திய இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நடந்தது. நம்மவருள் அதனை அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் உடலியலில் இரண்டொரு செய்தி. குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஒரு பிராணவாயு மூலக்கூற்றைச் சுமந்து தசைகளுக்குக் கொண்டு செல்கின்றன. கருவுறாத பெண்ணுக்கு நூறு மில்லிலிட்டர் குருதியில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது சோகை. மாதவிலக்கு, மகப்பேறு, வெறுங்காலில் நடப்போரைப் பற்றும் கொக்கிப் புழு ஆகியவை யாவும் இரும்பைக் கொள்ளை கொள்வன. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர்.

சோகையுற்றவள் படுத்துவிடுவதில்லை, வேலைக்கு வருகிறாள். ஆனால் அதே வேலைக்கு அவள் இதயம் மிகுதியாகத் துடிக்கிறது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. கை ஓய்கிறது. என் பாட்டியார் மலையகத்தில் கொழுந்து கிள்ளியவர். கண் இருட்டும் போதெல்லாம் “பித்தம்” என்று சொல்லி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொள்வாராம்.

இந்தக் கை ஓய்வை அளக்க முடியுமா? தேயிலைத் தோட்டத்தில் முடியும். அங்கே ஒவ்வொரு பெண்ணின் கொழுந்தும் நாள்தோறும் நிறுக்கப்படுகிறது; ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட வசதியான அளவுகோல் வேறில்லை. எட்கர்ட்டன் முதலிய அறிஞர்கள் ஒரு சாராருக்கு இரும்புச் சத்தும், மற்றொரு சாராருக்கு இரும்பில்லாத போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 1979-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. ஒரே மாதத்தில், ஹீமோகுளோபின் ஏறியவர்களின் கூடை கனத்தது. ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரையே இருந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் மிகுதி. ஊசி, அறுவை, பெரிய மருத்துவமனை எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க.

அதே ஆண்டில் இந்தோனேசியாவில் ரப்பர்ப் பால் எடுக்கும் ஆடவரிடம் செய்த ஆராய்ச்சியும், 1994-இல் பீக்கிங் பஞ்சாலைப் பெண்களிடம் செய்த ஆராய்ச்சியும் இதையே கூறின. இவை போன்றவற்றைத் தொகுத்து ஹார்ட்டன், ராஸ் என்னும் இருவர் 2003-இல் கணக்கிட்டனர். சோகையால் கடும் உடலுழைப்பில் 17 விழுக்காடும், எளிய உடலுழைப்பில் 5 விழுக்காடும் உற்பத்தி குறைகிறது என்பது அவர்கள் கண்டது.

அப்படியாயின் முதலாளிமார் ஏன் மாத்திரையை வாரி வழங்கவில்லை? என் கருத்தில் விடை கூலி முறையில் இருக்கிறது. குறித்த நிறை எடுக்காதவளுக்கு அரைப்பேர் போடுவது மலையகத்தில் பழகிய வழக்கம். ஆக, குறைந்த கொழுந்தின் நட்டம் முதலில் அவள் கூலியில் விழுகிறது. துரையின் ஏட்டில் அது நட்டமாகத் தெரிவதே இல்லை! ஆனால் தேயிலைச் செடி காத்திருக்காது. வாரம் பத்து நாளுக்குள் மறு சுற்று வராவிட்டால் கொழுந்து முற்றிவிடும். தூளின் தரம் கெடும். ஆலையின் செலவோ கொழுந்து குறைந்தாலும் பெரிதும் குறைவதில்லை. இந்த நட்டம் முதலாளியுடையதே. அதற்குப் பெயரிட்டு எழுத ஏட்டில் பத்தி இல்லை, அவ்வளவுதான்.

இனி நம் தீவுகளுக்கு வருவோம். 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழருள் சில குடும்பங்கள், நிக்கோபார்த் தீவுகளில் ஒன்றான கச்சலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. என் பாட்டியாரும் அவ்வழி வந்தவர். கூடையை இறக்கிவிட்டு வாளியைத் தூக்கினார். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் குடும்பம் கார் நிக்கோபாருக்குப் பெயர்ந்தது. இங்குள்ள தமிழருள் பலர் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள். பெண்களும் சாலை வேலையிலும் கட்டட வேலையிலும் கல் சுமக்கின்றனர்.

பெருநிலத்தில் ஒருத்தி நோயுற்றால் மறுநாள் வேறொருத்தி கிடைப்பாள்; அதனால் அங்கே முதலாளி கவலைப்படுவதில்லை. கார் நிக்கோபாரில் அது நடவாது. இது பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தீவு. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி வெளியார் அனுமதி பெற்றே வரவேண்டும். கப்பலும் வரவேண்டும், கடல் கொந்தளித்தால் அதுவும் தள்ளிப் போகும். ஆகவே, இருக்கும் தொழிலாளியை நலமாக வைத்திருப்பதே இங்கே மலிவான வழி. குத்தகைதாரர் இதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டுக் குருதி எடுத்துச் சோதிக்க ஆகும் நேரம், பேர் பதியும் நேரத்தினும் அதிகமில்லை.

நலம் மட்டும் போதுமா? இருபதாண்டு கொழுந்து கிள்ளியவளுக்கு இலையின் பக்குவம் தெரியும்; எனினும் கங்காணி வேலை ஆணுக்கே போயிற்று. இதற்கு விலை உண்டு. 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், 20 விழுக்காடு போனசு கேட்டு வேலையை நிறுத்தினர். ‘பெண்பிள்ளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்ட அவர்கள் ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களையும் ஒதுக்கி வைத்தனர். மேற்பார்வையிலும் சங்கத்திலும் பெண்கள் இருந்திருந்தால், அந்தக் குறை சாலைக்கு வருமுன் அலுவலகத்துக்கு வந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

எதிர்வாதம் ஒன்றைத் தள்ள முடியாது. மகப்பேற்று விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. அரசுக் காப்புறுதித் திட்டத்துக்கு வெளியே உள்ள தொழில்களில் அச்செலவு முழுதும் தனி முதலாளியின் தலையில் விழுகிறது. அதனாலேயே பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவோர் உண்டு. செலவைக் காப்புறுதி மூலம் பலர் பகிர்ந்துகொண்டால் இத்தயக்கத்துக்கு இடமிராது. மாத்திரைக்கு இந்தச் சிக்கலே இல்லை. அதன் விலை அற்பம்.

இலங்கை ஆராய்ச்சியில் இன்னொரு முடிவும் உண்டு. இரும்பு பெற்றவர்களின் அன்றாட நடமாட்டம் முழுவதுமே கூடிற்று. வீட்டிலும் வெளியிலும் அவர்கள் சுறுசுறுப்பாயினர் என்பது இதன் பொருள். இந்த இலாபம் துரையின் தராசில் ஏறாது, அது அவர்களுடையது.

நம் பெண்களிடம் இதைச் சொல்லப் போகும் நண்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க: மாத்திரையைத் தண்ணீரோடும், கூடுமானால் எலுமிச்சைச் சாற்றோடும் விழுங்கச் சொல்லுங்கள். உணவோடும் மாத்திரையோடும் தேநீர் வேண்டாம். கொழுந்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு, குருதியில் சேரவிடாமல் தடுத்துவிடும்.