மின்னல் அடிக்கும் விசில்

மாணவர்களே, முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய இயற்பியலாளர் பார்க்ஹவுசன், எதிரிகளின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக் கேட்க முயன்றார். பேச்சுக்கு நடுவே ஒரு விசில் ஒலி கேட்டது. கீச்செனத் தொடங்கி, ஓரிரு விநாடிகளில் தாழ்ந்து மறைந்தது. 1919இல் அவர் இதை வெளியிட்டார். 1953இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஓவன் ஸ்டோரி இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார். விசில் அடித்தது மின்னல்!

மின்னல் ஒளியோடு வானொலி அலைகளையும் வெளியிடுகிறது. அவற்றில் ஒரு பகுதி விண்வெளிக்கு ஏறி, பூமியின் காந்தப்புலக் கோட்டைப் பற்றிக்கொண்டு பல ஆயிரம் கிலோமீட்டர் வளைந்து சென்று, எதிர் அரைக்கோளத்தில் இறங்குகிறது. இவை ஒலி அலைகள் அல்ல, மின்காந்த அலைகள். ஆனால், இவற்றின் அதிர்வெண் நம் செவி கேட்கும் எல்லைக்குள் இருப்பதால், ஒலிபெருக்கியில் இணைத்தால் அப்படியே கேட்கலாம்.

ஏன் விசில்?

வெற்றிடத்தில் எல்லா மின்காந்த அலைகளும் ஒரே வேகத்தில் செல்லும். பூமியைச் சுற்றியுள்ள வெளியோ வெற்றிடம் அன்று. அங்கு எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த பிளாஸ்மா உள்ளது. அதில் இந்த அலைகளின் வேகம், ஏறக்குறைய அதிர்வெண்ணின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஓட்டப் பந்தயம்போல எல்லா அலைகளும் ஒன்றாகப் புறப்பட்டாலும், உயர் அதிர்வெண் முந்தி வருகிறது. தாழ் அதிர்வெண் பிந்தி வருகிறது. 'டக்' என்ற ஒலி நீண்டு விசிலாகிறது.

பாதையில் எலக்ட்ரான்கள் அதிகமானால் தாமதமும் அதிகமாகும். இதைக் கொண்டு, அத்தனை உயரத்தில் எதிர்பார்த்ததைவிட மிகுதியான எலக்ட்ரான்கள் உள்ளதை ஸ்டோரி கண்டறிந்தார். அப்போது விண்ணில் ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை!

மலேசியாவில் மின்னலுக்குப் பஞ்சமில்லை. ஆனால், காந்த நடுக்கோட்டுக்கு அருகே புலக்கோடுகள் தரைக்கு ஏறக்குறைய இணையாகச் செல்வதால், அலைகள் அவற்றைப் பற்றி மேலேறுவது கடினம். எனவே, இங்கு அந்த விசில் கேட்பது அரிது.

1979இல் வாயேஜர் 1 விண்கலம் வியாழன் கோளருகே இதே விசிலைப் பதிவு செய்தது. அங்கும் மின்னல் உண்டு என்பதற்கு அது முக்கியச் சான்றானது. இரைச்சல் என்று ஒதுக்கியிருந்தால் இத்தனையும் தெரிந்திருக்காது. ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத அளவீடு கிடைத்தால் உடனே அழித்துவிடாதீர்கள்!

சிந்திக்க: 4,000 ஹெர்ட்ஸ் அலை 1 விநாடியில் வந்தால், அதே பாதையில் 1,000 ஹெர்ட்ஸ் அலை எத்தனை விநாடியில் வரும்?

விடை: அதிர்வெண் கால் பங்கு, வேகம் அரைப் பங்கு. எனவே 2 விநாடி.