பவர் ஸ்டியரிங் கனப்பது ஏன்?

சங்கத்தின் சரக்கு வண்டியாயினும், அங்கத்தினரின் சொந்தக் காராயினும், ஓடும்போது ஸ்டியரிங் சக்கரம் கனக்கத் தொடங்கினால் அதை அலட்சியம் செய்யலாகாது. பலர் எண்ணெயை ஊற்றிவிட்டுப் பயணத்தைத் தொடர்கின்றனர். அது குறைந்த காரணத்தை ஆராய்வதில்லை. இதனால் சிறு கசிவு பெருஞ்செலவாக முடிகிறது.

முதற்கண் அமைப்பை அறிவோம். அமெரிக்காவில் 1951-ஆம் ஆண்டு கிரைஸ்லர் இம்பீரியல் காரில் பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தது. எண்ணெய் வகை அமைப்பில், என்ஜினால் சுழலும் பெல்ட் ஒரு பம்பை இயக்குகிறது. பம்பு எண்ணெயை மிகுந்த அழுத்தத்துடன் ஸ்டியரிங் பெட்டிக்குச் செலுத்துகிறது. நாம் திருப்பும் திசையில் அவ்வழுத்தம் கைக்குத் துணை நிற்கிறது. அதே எண்ணெய்தான் பம்பின் உட்பாகங்கள் தேயாமலும் காக்கிறது. ஆதலின் எண்ணெய் வற்றிய வண்டியை ஓட்டினால் பம்பே பழுதாகும்.

இனி, செலவில்லாத சோதனைகளை வரிசையாகச் செய்வோம்.

1. முன் டயர்களில் காற்றைப் பார்க்கவும். காற்றுக் குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், டயரையும் சக்கரங்களின் நேர்மையையும் சோதிக்க வேண்டும்.

2. சமதளத்தில் என்ஜினை நிறுத்தி, எண்ணெய்த் தொட்டியின் குறியைப் பார்க்கவும். எண்ணெய் நுரைத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துள்ளது. கறுத்துக் கருகல் நாற்றம் வீசினால் மாற்ற வேண்டும்.

3. இரவில் வண்டியின் அடியில் அட்டையை விரித்து வைத்தால் கசியும் இடம் காலையில் தெரியும். குழாய் இணைப்புகளையும் பம்பின் சீலையும் நோக்குக. என்ஜின் ஓடும்போது குழாயைக் கையால் தடவாதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைக்கும்.

4. திருப்பும்போது கீச்சென்ற ஒலி எழுந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். முனகல் ஒலி கேட்டால் எண்ணெய்க் குறைவையோ காற்றையோ சந்தேகிக்க வேண்டும்.

கசிவை அடைத்த பின், வண்டியின் கையேடு கூறும் எண்ணெயையே ஊற்றுக. பிரேக் எண்ணெயை ஊற்றினால் சீல்கள் கெடும். காற்றை நீக்க, முன்சக்கரங்களை உயர்த்தித் தாங்கிகளின் மேல் உறுதியாக நிறுத்தி, என்ஜின் ஓடாத நிலையில் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை மெதுவாகப் பலமுறை திருப்ப வேண்டும். மட்டம் இறங்க இறங்க எண்ணெயை நிரப்ப வேண்டும். இவற்றிற்குப் பின்னும் கனம் நீங்காவிடில் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

இக்காலக் கார்கள் பலவற்றில் எண்ணெய்க்குப் பதில் மின்மோட்டார் துணை செய்கிறது. அவற்றில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாட்டரியையும் பியூஸையும் முதலில் பார்க்கவும்.

ஓட்டத்தின் நடுவே பவர் துணை நின்றுவிட்டால் அஞ்ச வேண்டா. பலம் கொடுத்துத் திருப்பினால் சக்கரங்கள் திரும்பும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துக.

சங்க வண்டியின் குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை எண்ணெய் மட்டத்தை எழுதி வைக்குமாறு ஓட்டுநரிடம் சொல்வோம். மட்டம் இறங்குவது ஏட்டில் தெரிந்தால், பம்பு தேயுமுன் கசிவைக் கண்டுபிடிக்கலாம். சரக்கும் குறித்த நாளில் சந்தையைச் சேரும்.