தொங்கும் சங்கிலி, நிற்கும் பாலம்

மாணவர்களே, குருணில் உங்கள் வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம். மெல்லிய சங்கிலி ஒன்றின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். சங்கிலியை இழுக்கலாம், அமுக்கினால் மடங்கிவிடும். ஆகவே, இழுவிசை மட்டுமே செயல்படும் ஒரு வளைவில் அது வந்து நிற்கிறது.

அந்த வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கல்லால் கட்டினால்? இழுவிசை இருந்த இடமெல்லாம் அமுக்குவிசையாகிவிடும். கல்லும் கான்கிரீட்டும் இழுத்தால் எளிதில் விரிசல் விடும். அமுக்கினால் நன்கு தாங்கும். அதனால் வளைவு உறுதியாக நிற்கும். ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் இந்த உண்மையை ஓர் எழுத்துப் புதிராக வெளியிட்டார்.

ஒரு வளைவுக்கு ஒரு சங்கிலி போதும். அகன்ற கூரைக்குச் சங்கிலி வலையே வேண்டும். பெல்ஜியத்தில் கட்டடக்கலை படித்த பிலிப் பிளாக், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு இதைத்தான் ஆராய்ந்தார். விசைகள் செல்லும் பாதைகளைக் கணினியில் வலையாக வரைந்து, அதிலிருந்து கூரையின் வடிவத்தைக் காணும் முறையை 2009இல் முடித்த தம் ஆய்வில் தந்தார்.

அப்படிக் கிடைக்கும் வளைந்த வடிவங்களைக் கட்டுவது எப்படி? முப்பரிமாண அச்சு இயந்திரம் அதற்கு ஒரு வழி. அது கான்கிரீட் கலவையை அடுக்கடுக்காகப் பிழிந்து உருவம் கொடுக்கும். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021இல் 600 சதுர அடி வீடு ஒன்று இம்முறையில் எழுந்தது. கட்டியது, அங்கே படித்தவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம்.

அதே ஆண்டில், சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் பிளாக்கின் ஆய்வுக்குழு, ஸாஹா ஹடிட் கட்டடக்கலை நிறுவனத்துடன் சேர்ந்து, வெனிஸ் நகரில் 'ஸ்ட்ரியாட்டஸ்' என்னும் நடைபாலத்தை அமைத்தது. அச்சிட்ட 53 கான்கிரீட் துண்டுகள். இடையே சாந்து இல்லை, உள்ளே இரும்புக் கம்பியும் இல்லை. அடுக்கிய நாணயங்களை மேலிருந்து அமுக்கினால் நிற்கும். பக்கவாட்டில் தள்ளினால் சரியும், அல்லவா? அதனால், விசை ஒவ்வோர் அடுக்கையும் நேராக அமுக்கும்படி அச்சிட்டார்கள். தேவைப்பட்டால் பாலத்தைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் அடுக்கலாம்.

ஏன் இவ்வளவு முயற்சி? உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டுத் தயாரிப்பிலிருந்து வருகிறது. வடிவமே சுமையைத் தாங்கினால், சிமெண்டும் இரும்பும் குறைவாகவே தேவைப்படும்.

படிவம் 4இல் நீங்கள் படிக்கும் இயற்பியலும் கூடுதல் கணிதமும் இத்துறைக்கு அடிப்படை. நமக்கு அருகில், நிபோங் தெபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் சிவில் பொறியியல் பட்டமும் முதுநிலை ஆய்வும் மேற்கொள்ளலாம்.

இப்போது அதே சங்கிலியின் ஓரிடத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிடுங்கள். வளைவு மாறுகிறதா? புதிய வடிவத்தைத் தாளில் வரைந்து தலைகீழாகத் திருப்புங்கள். அந்த இடத்தில் சுமை ஏறும் பாலத்துக்கு ஏற்ற வடிவம் அதுதான்.