காணொளித் தொகுப்பும் கணினிச் சேமிப்பும்

கல்லூரியின் வரலாறு முன்னாளில் ஏட்டிலும் நிழற்படத்திலுமே தங்கிற்று. இந்நாளில் அது காணொளியிலும் தங்குகின்றது. பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நினைவுரை ஆகியவற்றைப் பழைய மாணவரே பதிவுசெய்து, வீட்டு மேசைக் கணினியில் தொகுக்கின்றனர். இப்பணியிற் பெரும்பாலார் கருத்துச் செலுத்துவது கமராவிலும் மென்பொருளிலுமேயாம். பதிவுகள் உறையும் செலுத்திகளைப் பற்றிச் சிந்திப்பார் சிலரே. நாமும் ஒருகாலத்திற் சிந்தித்தோமல்லோம். அதனால் விளைந்ததை இறுதியிற் கூறுவோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு 100 மெகாபிற்று வீதம் பதியும் கமரா ஒன்றைக் கொள்க. 8 பிற்று சேர்ந்தது ஒரு பைற்று. ஆதலின் அக்கமரா விநாடிக்கு 12.5 மெகாபைற்றும், மணிக்கு 45 கிகாபைற்றும் பதியும். இது மிகவும் சுருக்கப்பட்ட பதிவு. தொகுப்பதற்கு எளிதாகும்பொருட்டு இதனைப் புரோரெஸ் 422 எச்.கியூ. என்னும் வடிவிற்கு மாற்றுவாருளர். 4கே அளவில், விநாடிக்கு 25 சட்டகங் கொண்ட படத்திற்கு அவ்வடிவம் விநாடிக்கு ஏறக்குறைய 92 மெகாபைற்று வேண்டும். ஒரு மணிநேரப் படம் 330 கிகாபைற்றளவு இடங் கொள்ளும். மூன்று கமராக்களின் படங்களை ஒருங்கே ஓட்டித் தொகுப்பதாயின் விநாடிக்கு 276 மெகாபைற்று தேவை.

இதனைத் தரவல்ல செலுத்தி யாது? 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டிருந்தும், 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இன்றைய வன்தட்டு பல தெராபைற்றுகளைத் தாங்கும். எனினும் அன்றுபோலவே இன்றும் சுழலும் தட்டின்மேல் முனையொன்று நகர்ந்தே வாசிக்கின்றது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு, தொடர்ச்சியாக வாசிக்கையில் விநாடிக்கு 150 முதல் 250 மெகாபைற்று வரை தரும். மூன்று படங்களை மாறிமாறி வாசிக்கும்போது முனை இங்குமங்கும் அலைய நேர்தலின் வேகம் பெரிதுங் குன்றும். திரையிற் படம் விட்டுவிட்டு ஓடும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் செலுத்தியில் அசையும் உறுப்பு இல்லை. சாற்றா இணைப்புடையது விநாடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைற்றும், என்.வி.எம்.ஈ. வகையில் மூன்றாந் தலைமுறையினது 3,500 மெகாபைற்று வரையும் தரும்.

ஆயினும் ஒரே விரைவுச் செலுத்தியில் யாவற்றையும் இடுதல் நன்றன்று. பணியை நோக்கி அவற்றைப் பின்வருமாறு பகுத்தல் வேண்டும்.

1. பணிசெயல் முறைமையும் மென்பொருள்களும்: 500 கிகாபைற்று எஸ்.எஸ்.டி. போதும்.

2. நடப்பு வேலை: 1 அல்லது 2 தெராபைற்று என்.வி.எம்.ஈ. செலுத்தி. தொகுக்கும் பதிவுகளும் மென்பொருள் ஆக்கும் இடைக்காலக் கோப்புகளும் இதில் அமையும். ஐந்திலொரு பங்கு வெறுமையாயிருத்தல் நலம்; நிரம்பிய செலுத்தி எழுதுவதில் மந்தமாகும்.

3. களஞ்சியம்: முடிந்த வேலைகளுக்குப் பெரிய வன்தட்டு. இங்கு வேண்டுவது இடமேயன்றி விரைவன்று.

பொருத்துமுன் தாய்ப்பலகையின் கைந்நூலைப் படித்தல் வேண்டும். பல பலகைகளில் என்.வி.எம்.ஈ. பொருத்தும் இடமொன்றைப் பயன்படுத்தியதும் சாற்றா வாயில்கள் சில செயலற்றுப்போம். புதிய செலுத்தியை ஜீ.பி.ரி. முறையில் தொடக்குக, பழைய எம்.பி.ஆர். முறையில் வழக்கமாக 2 தெராபைற்றுக்கு மேற்பட்ட இடம் பயன்படாது. எவ்.ஏ.ரி. 32 என்னும் கோப்பு முறைமையை விலக்குக. 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை அது ஏலாது.

ரெயிட் முறை பற்றியும் ஒரு சொல். இரு செலுத்திகளிற் பகுத்தெழுதும் ரெயிட் 0 வேகந் தரும். ஒன்று பழுதுறின் இரண்டிலுள்ளவையும் அழியும். ஒன்றையே இரண்டிலும் எழுதும் ரெயிட் 1, செலுத்தியின் பழுதுக்கு மருந்தாகும், கைத்தவறுக்கு மருந்தாகாது. தவறுதலாக அழித்த கோப்பு அக்கணமே இரண்டிலும் மறையும். ஆகவே அது காப்புப் படிக்கு ஈடாகாது. மூலப் பதிவுகளுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

இதனை நாம் கற்றது நட்டப்பட்டே. சில ஆண்டுகளுக்கு முன் எமக்குக் கணிதம் போதித்த முதுபெரும் ஆசிரியர் ஒருவரின் நினைவுரையை ஒன்றரை மணிநேரம் பதிவுசெய்தோம். மென்பொருள், பதிவு, இடைக்காலக் கோப்பு யாவும் ஒரே வன்தட்டில் இருந்தன. கமராவின் நினைவட்டையை மறுநாட் பதிவுக்கென அழித்துவிட்டோம். மூன்றாம் வாரத்தில் வன்தட்டு கடகடவென ஒலித்து நின்றது. வல்லாரிடங் கொடுத்தும் மீளவில்லை. மீண்டும் பதியலாமென்றிருந்தோம். நாட் குறிக்குமுன் ஆசிரியர் இறையடி சேர்ந்தார். அவர் குரலில் இன்று எம்மிடம் எஞ்சியிருப்பது, கமராவைச் சோதிக்க எடுத்து வேறொரு கணினியிற் கிடந்த நாற்பது விநாடித் துண்டு மாத்திரமே.

ஆதலின் விழாக்களைப் பதிவுசெய்யும் இளைய மாணவர்க்கு நாம் வேண்டுவது இதுவே: பதிவு முடிந்த அன்றிரவே இரண்டு செலுத்திகளிற் படியெடுங்கள், இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், அதன் பின்னரே நினைவட்டையை அழியுங்கள்.