மூன்று குண்டுகளும் ஒரு துண்டும்

போன மாதம் படிவம் நான்கு வகுப்பில் உந்தம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மலாயில் நீங்கள் ‘மொமெந்தும்’ என்று படிக்கிறீர்களே, அதுதான். துப்பாக்கிக் குண்டை எடுத்துக்காட்டாகச் சொன்னதுதான் தாமதம், கடைசி வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் ‘ருஸ்தம்’ இந்திப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். “கிட்ட நின்று சுட்டிருக்கிறார் டீச்சர். அப்படியென்றால் கண்டிப்பாகக் கொலைதான்” என்றார். முன்வரிசை மாணவி விடவில்லை. “கிட்ட இருந்தால்தானே இரண்டு பேரும் துப்பாக்கிக்காக இழுபறி செய்திருக்க முடியும்? அப்போது தவறிப்போய் வெடித்திருக்கும்.”

இருவரும் பிடித்துக்கொண்டது ஒரே தடயத்தை. வந்து சேர்ந்த முடிவோ நேர் எதிர். அன்று உந்தம் பாதியில் நின்றது. விட்ட இடத்திலிருந்து இந்த வாரம் இங்கே பேசுவோம்.

2016இல் வந்த அந்தப் படத்துக்கு அடிப்படை, பம்பாயில் நடந்த ஓர் உண்மை வழக்கு. 1959 ஏப்ரல் 27. கே. எம். நானாவதி இந்தியக் கடற்படையில் கமாண்டர். தம் மனைவிக்கும் பிரேம் அஹுஜா என்பவருக்கும் இடையே இருந்த உறவு அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது. கப்பலுக்குப் போனார், ஒரு காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிக்கொண்டார், அஹுஜாவின் வீட்டுக்குச் சென்றார். அஹுஜா அப்போதுதான் குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு இருந்தார். சற்று நேரத்தில் மூன்று குண்டுகள் வெடித்தன. அஹுஜா குளியலறையில் விழுந்து இறந்தார். நானாவதி பிறகு காவல் துறையிடம் போய்ச் சரணடைந்தார்.

யார் கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது என்பதில் சந்தேகமே இல்லை. கேள்வி வேறு. அரசுத் தரப்பு, வேண்டுமென்றே சுட்டார் என்றது. நானாவதி தரப்பு, துப்பாக்கியைப் பிடுங்க அஹுஜா பாய்ந்தார், இழுபறியில் அது தானாக வெடித்தது என்றது. சுட்ட கணத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது. மிஞ்சியவை காயங்கள், துப்பாக்கி, ஒரு துண்டு.

முதலில், ஒரு காயத்திலிருந்து தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்ப்போம். துப்பாக்கி வெடிக்கும்போது குழாயின் வாயிலிருந்து வெளியே வருவது குண்டு மட்டும் என்று நினைக்காதீர்கள். கொதிக்கும் வாயு, தீச்சுவாலை, புகைக்கரி, முழுதாக எரியாத மருந்துத் துகள்கள் எல்லாமே குண்டோடு சேர்ந்து பாய்கின்றன. குண்டு கனமானது, வெகுதூரம் போகும். மற்றவை இலேசானவை, காற்று அவற்றைச் சீக்கிரமே நிறுத்திவிடும். சுவாலை சில அங்குலங்கள்தான் எட்டும். கரி அதைவிடச் சற்றுத் தூரம். மருந்துத் துகள்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போய், தோலில் பச்சை குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகப் பதியும். ஆகவே தோல் கருகியிருக்கிறதா, கரி படிந்திருக்கிறதா, புள்ளிகள் மட்டும் இருக்கின்றனவா, ஒன்றுமே இல்லையா என்று பார்த்துத் தூரத்தை மதிப்பிடலாம். இந்த வழக்கில் அரசுத் தரப்புத் துப்பாக்கி நிபுணர் சொன்ன அளவு இது: 2, 3 அங்குலத்துக்குள் சுட்டால் காயத்தைச் சுற்றிக் கருகும், 2 முதல் 6 அங்குலம் வரை கருமை படியும்.

துகள்கள் கூம்பு வடிவில் விரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அங்குலத்தில் அவை ஒரு வட்டத்தில் பதிந்தால், 18 அங்குலத்தில் அந்த வட்டத்தின் விட்டம் மூன்று மடங்காகும், பரப்பளவு ஒன்பது மடங்காகும். அதே எண்ணிக்கைத் துகள்கள் ஒன்பது மடங்கு இடத்தில் பரவினால் அடர்த்தி ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். காற்றுத் தடை வேறு இருப்பதால் உண்மையில் இன்னும் குறையும். அதனால்தான் ஆய்வகத்தில் அதே துப்பாக்கியாலும் அதே வகைத் தோட்டாவாலும் வெவ்வேறு தூரங்களிலிருந்து சுட்டு, அந்த வட்டங்களைக் காயத்தோடு ஒப்பிடுவார்கள். துப்பாக்கி மாறினால் கணக்கும் மாறும்.

அஹுஜாவின் உடலைச் சவப் பரிசோதனை செய்தவர் போலீஸ் மருத்துவர் டாக்டர் ஜாலா. மார்பில், வலது காறை எலும்புக்குச் சற்றுக் கீழே ஒரு துளை. அதைச் சுற்றிச் சிவந்த சிராய்ப்பு வளையம். குண்டு தோலை உள்நோக்கித் தள்ளி, இழுத்து, உரசிக்கொண்டு நுழையும்போது விளிம்பில் இந்த வளையம் உண்டாகும். இது குண்டு நுழைந்த இடம் என்பதற்கான அடையாளம். இடது கையில் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே ஊடுருவிச் சென்ற ஒரு காயம். இடது ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் புறப்பகுதியிலும் கரிப்புள்ளிகளோடு கூடிய சிராய்ப்புகள். தலையின் இடது பக்கத்தில் மண்டையோட்டை வாய்க்கால்போல் கீறிச் சென்ற முறிவு.

நிபுணர் கணித்த தூரம், மார்புக் காயத்துக்குச் சுமார் 4 முதல் 6 அங்குலம். தலைக் காயத்துக்குச் சுமார் 18 அங்குலம். உங்கள் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். 6 அங்குலம் என்பது ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். மிக மிக அருகில்.

இங்கேதான் என் மாணவர்கள் இருவரும் மோதிக்கொண்டார்கள். நேர்மையாகச் சொன்னால், இருவர் சொன்னதும் பொருந்துகிறது. 15 சென்டிமீட்டர் தூரம் இழுபறிக்கும் ஒத்துவரும், எதிரே நின்று சுட்டதற்கும் ஒத்துவரும். விரல்களில் இருந்த கரிப்புள்ளிகளும் அப்படியே. கை துப்பாக்கியின் வாய்க்கு அருகில் இருந்தது என்பதை அவை சொல்கின்றன. துப்பாக்கியைப் பறிக்க நீண்ட கையா, குண்டைத் தடுக்க உயர்ந்த கையா? கரிக்கு அது தெரியாது. இழுபறியில் வெடித்திருந்தால் காயங்கள் இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்று அரசு நிபுணர் கருதினார். துப்பாக்கியின் வாய் உடலோடு ஒட்டியிருந்தால் வாயு தோலுக்கடியில் புகுந்து கிழித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா இழுபறியிலும் துப்பாக்கி உடலோடு ஒட்டித்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை இது அரசுத் தரப்பின் வலுவான வாதம் இல்லை.

தலைக் காயத்தில் மருத்துவர்களே வேறுபட்டார்கள். எதிர்த் தரப்புக்காகச் சாட்சி சொன்னவர் டாக்டர் பாலிகா, பெயர்பெற்ற அறுவை மருத்துவர். குண்டு எந்தத் திசையில் சென்றது என்பதில் அவர் ஜாலாவோடு உடன்படவில்லை. இருவரில் ஒருவருக்கு அறிவு குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். கண்ணாடியில் சின்னக் கல் பட்டால், பட்ட பக்கம் துளை சிறிதாகவும் மறுபக்கம் புனல்போல் அகன்றும் இருக்கும். மண்டையோட்டிலும் குண்டு நேராகத் துளைத்தால் இதே கதைதான், திசையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் குண்டு உரசிக்கொண்டு போய் வாய்க்கால் மட்டும் வெட்டினால் நுழைவும் வெளியேற்றமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதை வாசிப்பது கடினம்.

இடையில் சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. குண்டு பட்டவர் பறந்துபோய்ச் சுவரில் மோதுவார். பாதியில் விட்ட உந்தக் கணக்கை இப்போது போடலாம். 10 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 0.01 × 250 = 2.5 கிலோகிராம் மீட்டர்/வினாடி. அது முழுவதும் 70 கிலோ மனிதரிடம் சேர்ந்தாலும் அவருக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்குச் சுமார் 3.6 சென்டிமீட்டர். ஆமை நடக்கும் வேகம்கூட இல்லை. ஆகவே ஒருவர் எந்தப் பக்கம் விழுந்தார் என்பதை வைத்து எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள் என்று சொல்ல முடியாது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். நான் இந்த வழக்கை வகுப்புக்குக் கொண்டுபோவதே இந்தப் பகுதிக்காகத்தான். அது ஆறு தோட்டா போடும் ரிவால்வர். ட்ரிகரை இழுக்கும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழன்று அடுத்த தோட்டாவைச் சுத்தியலுக்கு நேரே கொண்டுவருகிறது. சுத்தியல் பின்னுக்குப் போய், விடுபட்டு, தோட்டாவின் அடியில் அடிக்கிறது. இரண்டையும் செய்ய வேண்டிய வலுவை ஒரே ஒரு விரல் கொடுக்க வேண்டும். அதற்குச் சுமார் 20 பவுண்டு அழுத்தம் தேவை என்று நீதிமன்றத்தில் பதிவானது. அதாவது 9 கிலோ எடையைத் தூக்கும் விசை. ஏறத்தாழ 89 நியூட்டன். கடையில் 10 கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அவ்வளவு.

இன்னொன்றும் உண்டு. ஒரு குண்டு சென்ற பிறகு ட்ரிகரை முழுதாக விட வேண்டும், பிறகு மறுபடி இழுக்க வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த தோட்டா வெடிக்காது. மூன்று குண்டுகள் என்றால் இழு, விடு, இழு, விடு, இழு. இருவர் கைகள் பின்னிக்கொண்டு முறுக்கும்போது ஒரு தடவை தற்செயலாக 20 பவுண்டு அழுத்தம் விழலாம் என்று ஒப்புக்கொள்ளலாம். சில வினாடிகளுக்குள் மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் நடுவில் விட்டுவிட்டு?

அதோடு அந்தத் துண்டு. குண்டு பட்டு விழுந்து கிடந்தபோதும் அது அஹுஜாவின் இடுப்பிலேயே இருந்தது. அவிழவில்லை, நழுவவில்லை. இப்படி ஒரு சண்டை நடந்தும் துண்டு அசையாமல் இருக்குமா என்று அரசுத் தரப்பு கேட்டது. வகுப்பில் இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். துண்டை இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். துண்டு மட்டும் இருந்திருந்தால் அதை நம்பி யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் துண்டு, ட்ரிகர், மூன்று குண்டு, காயங்கள் பட்ட இடங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் எந்தக் கதை அதிகமாகத் திணறுகிறது?

ஜூரிகள் ஒன்பது பேர். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நானாவதி குற்றவாளி இல்லை என்றார்கள். ஊரும் பத்திரிகைகளும் அவர் பக்கம் சாய்ந்திருந்த நேரம் அது. செஷன்ஸ் நீதிபதி மேத்தா அந்த முடிவை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1960 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இழுபறியில் தற்செயலாக வெடித்தது என்ற கதையை நீதிபதிகள் நம்பவில்லை. பின்னர் 1964இல் மகாராஷ்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அது அறிவியலின் கணக்கில் வராது. (ஜூரி முறை நம் பினாங்கிலும் இருந்தது. மலேசியாவில் அது 1995இல்தான் நீக்கப்பட்டது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், யாராவது ஜூரியாக உட்கார்ந்திருக்கலாம்.)

எட்டுப் பேர் ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்று என் மாணவி கேட்டார். ஆள் நல்லவராகத் தெரிந்ததால் தடயத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டார்களா? இருக்கலாம். ஆனால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. சந்தேகத்துக்கு இடம் இருந்தால் தண்டிக்கக் கூடாது என்பது சட்டம். சந்தேகம் எங்கே நியாயமானது, எங்கே வெறும் ஆசை என்பதில்தான் ஜூரிகளும் நீதிபதிகளும் பிரிந்தார்கள். நீங்கள் அந்தப் பெட்டியில் பத்தாவது ஆளாக உட்கார்ந்திருந்தால்?

செய்து பாருங்கள்

வேண்டியவை: தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே புட்டி, உணவுச் சாயம் கலந்த தண்ணீர், வெள்ளைத் தாள்கள், அளவுகோல். தாளைச் சுவரில் ஒட்டுங்கள். (சாயம் சுவரில் பட்டு அம்மா திட்டினால் நான் பொறுப்பில்லை, அடியில் பழைய நாளிதழை ஒட்டிவிடுங்கள்.) 15, 30, 45 சென்டிமீட்டர் தூரங்களிலிருந்து, ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு முறை அழுத்துங்கள். வட்டத்தின் விட்டத்தை அளந்து, நடுவில் 2 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து அதற்குள் எத்தனை புள்ளிகள் என்று எண்ணுங்கள். பிறகு நண்பரிடம் ஒரு தாளைக் கொடுத்து, தூரத்தைச் சொல்லாமல் ஒரு தடவை தெளிக்கச் சொல்லுங்கள். அவர் எவ்வளவு தூரத்திலிருந்து தெளித்தார் என்று உங்கள் அளவுகளை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

சிந்திக்க

1. நண்பர் வேறொரு ஸ்ப்ரே புட்டியைப் பயன்படுத்தியிருந்தால் உங்கள் விடை என்ன ஆகும்?

2. 20 பவுண்டுக்குப் பதில் 2 பவுண்டு அழுத்தத்திலேயே வெடிக்கும் துப்பாக்கியாக இருந்திருந்தால், இந்த வழக்கில் எந்த வாதம் வலுவிழக்கும்? எது அப்படியே நிற்கும்?

3. நண்பர் விட்டுச் சென்ற தாளைப் பாருங்கள். அவர் வேண்டுமென்றே அழுத்தினாரா, கை தவறி அழுத்தினாரா என்று அதிலிருந்து சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், வேறு என்ன தெரிந்தால் சொல்லலாம்?