பத்தாம் தேதியில் தப்பும் கணக்கு

கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிப்பது என் பிழைப்பு. யாரோ எழுதிய பழைய பிஎச்பி கோடு கைக்கு வந்தால், அரே_மெர்ஜ் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். அதன் பக்கத்தில் தேதி கீயாக நின்றால் அன்றைக்கு வேலை இருக்கிறது.

இரண்டு கிளைகளின் மார்ச் மாத விற்பனையை, '01' முதல் '31' வரை நாளையே கீயாக வைத்து இணைப்பதாகக் கொள்ளுங்கள். '10' என்று ஸ்ட்ரிங்காகக் கொடுத்தாலும் பிஎச்பி அதைச் சத்தமில்லாமல் இன்டீஜர் கீயாக்கிவிடும். '09' மட்டும் முன்னால் பூஜ்யம் இருப்பதால் ஸ்ட்ரிங்காகவே நிற்கும். ஸ்ட்ரிங் கீ இரண்டு பக்கமும் இருந்தால் அரே_மெர்ஜ் பின்னால் வந்ததை வைத்துக்கொள்ளும். இன்டீஜர் கீ என்றால் 0, 1, 2 என்று புதிதாக எண் போடும். ஆக, முதல் ஒன்பது நாளுக்கு முதல் கிளையின் விற்பனை காணாமல் போகும். பத்தாம் தேதி விற்பனை 0 என்ற கீயில் உட்கார்ந்திருக்கும். 31 இருக்க வேண்டிய இடத்தில் 53 வரிசைகள். எரர் ஒன்றும் வராது, அதுதான் கொடுமை.

கூட்டல் குறியால் இணைத்தால் கீ மாறாது. ஆனால் இடப்பக்கத் தொகைதான் மிஞ்சும், இரண்டும் கூடாது. ஆகவே தொகைகளைக் கூட்ட ஒரு ஃபோர்ஈச் போதும், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கீயை '2024-03-10' என்று வையுங்கள். ஹைஃபன் இருப்பதால் அது என்றும் ஸ்ட்ரிங்தான். கேசார்ட் போட்டால் நாள் வரிசையிலும் நிற்கும். '20240310' என்று வைத்தால் பழைய கதைதான்.

தேதியை உள்ளே வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ஸ்ட்ர்டுடைம் '05-04-2024'ஐ ஏப்ரல் 5 என்றும், '05/04/2024'ஐ அமெரிக்க வழக்கப்படி மே 4 என்றும் படிக்கும். '25/12/2024' கொடுத்தால் ஃபால்ஸ் வரும். அதைச் சரிபார்க்காமல் டேட் ஃபங்ஷனுக்கு அனுப்பினால் பில்லில் 1970 ஜனவரி 1 அச்சாகும். நம் ஊர் படிவங்களுக்கு கிரியேட்ஃப்ரம்ஃபார்மட்தான் சரி. ஃபார்மட்டின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி போடுங்கள். இல்லாவிட்டால் இந்த நிமிடத்து மணி நேரமும் தேதியோடு ஒட்டிக்கொள்ளும். '31/02/2024'ஐயும் அது மறுக்காது, மார்ச் 2 ஆக்கிவிடும். வந்த தேதியை அதே ஃபார்மட்டில் திரும்ப எழுதி, உள்ளீட்டோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

தவணைத் தேதிக்கும் இதே சிக்கல். ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரியைத் தாண்டி மார்ச்சில் விழும். மாதக் கடைசி வேண்டுமென்றால் அடுத்த மாதத்தின் கடைசி நாள் என்றே மாடிஃபையிடம் கேட்க வேண்டும்.